பிராங்க்ளின் பற்றி 20 நிமிடம் பேசணும்: பட்டம், மின்னல் இல்லாமல் எங்கே ஆரம்பிக்கலாம்?

கரிசல்காற்று:

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அடுத்த மாதம் எனக்கு வந்திருப்பது பெஞ்சமின் பிராங்க்ளின். போன மாதம் ஒருவர் எடிசனைப் பற்றி விக்கிப்பீடியாவை அப்படியே பார்த்து வாசித்தார். பாதிப் பேர் எப்போது சுண்டல் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலை எனக்கு வரக்கூடாது.

அவருடைய சுயசரிதையை ஆங்கிலத்தில் அகராதியோடு உட்கார்ந்து படித்துவிட்டேன். இரண்டு இடத்தில் இடறுகிறது.

ஒன்று, உயிலின் முதல் வரி. "பிலடெல்பியா பெஞ்சமின் பிராங்க்ளின், அச்சடிப்பவன்" என்று தொடங்கி, அதற்குப் பிறகுதான் பிரான்சுக்குத் தூதராக இருந்தது, பென்சில்வேனியாவின் தலைவராக இருப்பது எல்லாம் வருகிறது. அச்சகத்தை விட்டு விலகி நாற்பது வருடமான மனிதர் ஏன் அதை முதலில் போட்டுக்கொள்கிறார்? தன்னடக்கமா, நடிப்பா?

இரண்டு, வாழ்க்கையில் செய்த தவறுகளை எல்லாம் அவர் 'எர்ராட்டா' என்கிறார். பாவம், குற்றம் என்று சொல்வதில்லை. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பட்டம், சாவி, இடி, 100 டாலர் நோட்டு எல்லாம் எல்லோருக்கும் தெரியும். வேறு எங்கிருந்து பிடிக்கலாம் என்று சொல்லுங்கள்.


தெற்குவாசல்:

முதலில் ஒரு விஷயம். யாராவது எழுந்து "இவர் அமெரிக்க ஜனாதிபதிதானே" என்று கேட்பார்கள். நிச்சயம் கேட்பார்கள். இல்லை. 1785 முதல் 1788 வரை பென்சில்வேனியா மாநில நிர்வாகக் குழுவுக்குத் தலைவர். அந்தப் பதவியின் ஆங்கிலப் பெயர் 'பிரசிடென்ட்'. குழப்பம் அங்கிருந்துதான்.

பட்டத்தை முழுக்க விடாதீர்கள், இரண்டு நிமிடம் கொடுங்கள். 1752 ஜூனில் பட்டம் விட்டார் என்பார்கள். அவர் மேல் மின்னல் விழவில்லை. விழுந்திருந்தால் இந்த இழையே இருக்காது. மேகத்தில் இருந்த மின்னூட்டம் நனைந்த நூல் வழியாகச் சாவிக்கு வந்தது, விரலை அருகில் கொண்டுபோனதும் பொறி பறந்தது, அவ்வளவுதான். அதற்கு ஒரு மாதம் முன்பே, மே 10-ஆம் தேதி, பிரான்சில் மார்லி என்ற ஊரில் அவர் எழுதி வைத்த முறைப்படியே இரும்புக் கம்பி நட்டுச் சோதித்துவிட்டார்கள். அடுத்த வருடம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இதே வேலையில் இறங்கிய ரிக்மன் என்ற பேராசிரியர் மின்னல் தாக்கி இறந்தார்.

உயில் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வரட்டும்.


ஈயக்கை:

தம்பி, மூணு நாளா இந்தக் கேள்வியைப் பார்க்கிறதும் மூடுறதுமா இருக்கேன். எனக்கு வரலாறு தெரியாது. ஆனா 1971-ல, பதிமூணு வயசுல, ஒரு அச்சகத்துல கேஸ் முன்னாடி, அதான் ஈய எழுத்தை அறை அறையாப் போட்டு வைக்கிற பெட்டி, கொண்டுபோய் நிறுத்தினாங்க. ஆஃப்செட் வந்து ஈயத்தை எல்லாம் எடைக்குப் போட்ட நாள் வரைக்கும், இருபத்திநாலு வருஷம் எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர். பிராங்க்ளின் புஸ்தகத்தை என் மகள் கொடுத்தா. மத்தவங்க எதுக்குப் படிப்பாங்களோ தெரியலை, நான் படிச்சது ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனோட டீக்கடையில உட்கார்ந்து பேசுற மாதிரி.

அவரும் பன்னெண்டு வயசுல சேர்ந்தவர்தான். பாஸ்டன்ல அப்பா மெழுகுவத்தி, சோப்பு காய்ச்சுற ஆள். பதினேழு பிள்ளைங்க. பள்ளிக்கூடம் ரெண்டே வருஷம். 1718-ல அண்ணன் ஜேம்ஸோட அச்சகத்துல ஒப்பந்தம் எழுதி விட்டாங்க, இருபத்தொரு வயசு வரைக்கும். அண்ணன் முதலாளி, முதலாளி அடிப்பார். 1723-ல ஓடிட்டார்.

ஓடி பிலடெல்பியா வந்த கதையில எல்லாரும் ரொட்டியைச் சொல்லுவாங்க. மூணு பென்னிக்குக் கேட்டா மூணு பெரிய ரொட்டி கொடுத்தாங்க, ரெண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒண்ணைத் தின்னுக்கிட்டே நடந்தார், பின்னாடி மனைவியா வரப்போற பொண்ணு வாசல்ல நின்னு, என்ன கோலம்டா இதுன்னு பார்த்துச்சு. நல்ல கதைதான். ஆனா நீங்க சொல்ல வேண்டியது அடுத்து வர்றது.

கைமர்னு ஒருத்தர் புதுசா அச்சகம் போட்டிருந்தார். வேலை கேட்டுப் போறார் பிராங்க்ளின். உடைஞ்ச பழைய பிரஸ் ஒண்ணு, தேய்ஞ்சுபோன எழுத்து ஒரே ஒரு செட். கைமர் நின்னுக்கிட்டு இரங்கற்பா ஒண்ணைக் கோர்த்துக்கிட்டிருக்கார். செத்துப்போன ஒரு இளைஞனைப் பத்தி. எதைப் பார்த்துக் கோர்க்கிறார்னா, எதையும் பார்க்கலை! தாள்ல எழுதவே இல்லை. மண்டையிலிருந்து நேரா ஸ்டிக்குக்கு, கையில பிடிச்சு வரி வரியா எழுத்தை அடுக்குற சட்டம் அது. கைப்பிரதி இல்லை, கேஸ் ஒரே ஜோடி, இருக்கிற எழுத்தெல்லாம் அந்தப் பாட்டுக்கே சரியாப் போயிடும். அதனால இன்னொரு ஆள் கூட நின்னு உதவி பண்ணவும் வழியில்லை. இதைப் படிச்சிட்டுச் சத்தமாச் சிரிச்சேன். எங்க முதலாளி கல்யாணப் பத்திரிகையை இப்படித்தான் கோர்ப்பார், ஏன்னா எல்லாப் பத்திரிகையும் ஒண்ணுதான், பேரும் தேதியும் மாறும். பாட்டை அப்படிக் கோர்த்த ஆளை நான் பார்த்ததில்லை. சரி, பிராங்க்ளின் என்ன பண்ணார்? அந்த உடைஞ்ச பிரஸ்ஸை ஓட்டுற நிலைக்குக் கொண்டுவந்து கொடுத்துட்டு, பாட்டு முடிஞ்சதும் வந்து அடிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டார். பதினேழு வயசு.

அப்புறம் லண்டன். கவர்னர் ஒருத்தர் கடன் கடிதம் தர்றேன்னு ஆசை காட்டிக் கப்பல் ஏத்திவிட்டார், போய் இறங்கினா கடிதமே இல்லை. வேற வழி? கூலிக்கு நின்னார். வாட்ஸ்னு ஒருத்தரோட பெரிய அச்சகம், கிட்டத்தட்ட அம்பது பேர் வேலை. கோர்த்து முடுக்கின பக்கத்தை மத்தவங்க ரெண்டு கையிலயும் ஒண்ணைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறுவாங்களாம். இவர் கைக்கு ஒண்ணு. அது முழுக்க ஈயம் தம்பி, அட்டைப்பெட்டி இல்ல.

அங்க பிரஸ் பக்கத்திலிருந்து கம்போசிங் பக்கம் மாத்தினாங்க. புதுசா வந்தவன் அஞ்சு ஷில்லிங் கட்டணும், எல்லாரும் குடிக்கிறதுக்கு. கீழே ஏற்கெனவே கட்டியாச்சு, மறுபடி தரமாட்டேன்னுட்டார். முதலாளியும் தராதேன்னார். ரெண்டு மூணு வாரம் தாக்குப்பிடிச்சார். அவர் கொஞ்சம் வெளிய போனாப் போதும், கேஸ்ல எழுத்து மாறிக் கிடக்கும், பக்கம் இடம் மாறியிருக்கும், கட்டி வச்ச மேட்டர், அதாவது கோர்த்த எழுத்து, கலைஞ்சு கிடக்கும். யாருப்பான்னா, பேய்னு சொல்லுவாங்களாம். முறைப்படி சேராதவனைப் பிடிக்கிற பேய்! கடைசியில காசைக் கட்டிட்டார். கூடவே கிடக்க வேண்டிய ஆளுங்களோட பகைச்சுக்கிறது முட்டாள்தனம்னு எழுதுறார். அம்பது வருஷம் கழிச்சு இங்கிலாந்து, பிரான்சு அரசவைகள்ல பேசிப் பேசி வேலையை முடிச்ச ஆளு, அந்தப் பாடத்தைப் படிச்ச இடம் இது.

பேய் எங்க அச்சகத்துலயும் இருந்துச்சு. புதுப் பையன் முதல் சம்பளத்துல டீ, வடை வாங்கித் தரலைன்னா, அவன் கேஸ்ல 'ன' அறையில நாலஞ்சு 'ண'வைக் கலந்துவிடும். 'ர'வுல 'ற'. கை பார்க்காமலே எடுக்கிற தொழில் இது. எழுத்தோட உடம்புல ஒரு பக்கம் சின்னதா வெட்டு இருக்கும், கட்டை விரல் அதைத் தொட்டாப் போதும், நேரா இருக்கா தலைகீழா இருக்கான்னு தெரிஞ்சிடும். ஆனா அது எந்த எழுத்துன்னு விரலுக்குத் தெரியாது, அறையை நம்பித்தான் எடுக்கணும். புரூஃப் வரும்போது பாவம் அந்தப் பையன், 'மனம்' எல்லாம் 'மணம்' ஆகியிருக்கும். நானும் பேயா இருந்திருக்கேன், பேய்க்குப் பலியாவும் இருந்திருக்கேன்.

இப்ப முக்கியமான இடம். 1728-ல மெரிடித்னு ஒரு நண்பரோட கூட்டுச் சேர்ந்து சொந்தமா அச்சகம் போட்டார். குவேக்கர்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு, அவங்களோட வரலாற்றுப் புஸ்தகத்துல நாப்பது ஷீட் அடிக்கிற வேலை கிடைச்சுது. ஃபோலியோ அளவு, தாளுக்கு ஒரே மடிப்பு. மேட்டர் பைக்காங்கிற எழுத்து அளவுல, அடிக்குறிப்பு அதுக்குச் சின்ன எழுத்துல. ஒரு நாளைக்கு ஒரு ஷீட் கோர்ப்பேன்னு சபதம். கோர்க்கிறது இவர், அடிக்கிறது மெரிடித். மறுநாள் வேலைக்கு எழுத்து வேணுமே, அடிச்சு முடிச்சதை எல்லாம் பிரிச்சு அறை அறையாப் போட்டு முடிக்க ராத்திரி பதினோரு மணி ஆகும். ஒரு நாள் ராத்திரி, எல்லாம் கட்டி முடுக்கியாச்சு, அப்பாடான்னு நிமிர்றார், ரெண்டு பக்கம் உடைஞ்சு கொட்டிப்போச்சு.

அந்த ஷீட்டுக்கு நாலு பக்கம். ரெண்டு பக்கம் போச்சுன்னா அரை நாள் உழைப்பு போச்சு. கொட்டினதை அப்படியே தள்ளி வச்சிட்டுப் புதுசாக் கோர்க்கவும் முடியாது, ஏன்னா எழுத்தே அவ்வளவுதான். முதல்ல தரையிலயும் மேஜையிலயும் கிடக்கிறதை ஒண்ணொண்ணா முகத்தைப் பார்த்து அறையில போடணும், அதுவும் மெழுகுவத்தி வெளிச்சத்துல. அப்புறம் முதல் வரியிலிருந்து. அன்னிக்கு ராத்திரியே பிரிச்சு, கோர்த்து முடிச்சிட்டுத்தான் படுத்தேன்னு ஒரே ஒரு வாக்கியத்துல எழுதிட்டுப் போறார். ஊர்ல பேர்ட்னு ஒரு மருத்துவர், ராத்திரி கிளப்லேர்ந்து வீட்டுக்குப் போகும்போதும் அந்த ஆள் வேலை பார்க்கிறான், காலையில அக்கம்பக்கம் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியும் பார்க்கிறான்னு பேசினாராம். அந்தப் பேச்சுல கடைக்குச் சரக்குக் கடனாத் தர ஆள் வந்தாங்க.

1978-ல நான் ஒரு பஞ்சாங்கப் பக்கத்தைக் கொட்டினேன். வாசப்படி தடுக்கிருச்சு. பஞ்சாங்கம்னா தெரியும்ல, முழுக்க நாழிகை, வினாடி, எண். சாதா மேட்டர்னாலும் படிச்சுப் பார்த்துச் சேர்த்துக்கலாம். எண்ணை எப்படிப் படிக்கிறது? தரையில உட்கார்ந்து அழுதேன். முதலாளி ரெண்டு வாரச் சம்பளத்தைப் பிடிச்சார், அது வேற. அதனால அந்த ஒரு வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பப் படிச்சிருக்கேன்.

உங்க கேள்விக்கு வர்றேன். 'எர்ராட்டா'வுக்குத் தமிழ் தேட வேணாம். பழைய தமிழ்ப் புஸ்தகத்தோட கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. பக்கம், வரி, பிழை, திருத்தம். அதேதான். சுயசரிதை ஆரம்பத்துலயே சொல்றார்: இந்த வாழ்க்கையையே மறுபடி வாழச் சொன்னா வாழத் தயார், ஆனா ரெண்டாம் பதிப்புல முதல் பதிப்போட பிழைகளைத் திருத்த நூலாசிரியருக்குக் கிடைக்கிற சலுகை எனக்கும் வேணும்னு. இதுல தன்னடக்கமும் இல்லை, நடிப்பும் இல்லை தம்பி. புரூஃப் பார்த்த கண்ணு அப்படித்தான் யோசிக்கும். இன்னிக்கும் நான் பஸ்ல போர்டு படிச்சா ஒற்றுப்பிழைதான் முதல்ல தெரியுது.

அதனால நீங்க மேடையில ஒரு தாளைத் தூக்கிக் காட்டுங்க. இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம். அவரே ஒத்துக்கிட்டதைப் போடுங்க.

பிழை: அண்ணனை ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடி விட்டுட்டு ஓடினது. திருத்தம்: அண்ணன் சாகும்போது அவர் மகனைக் கூட்டிட்டு வந்து பள்ளிக்கூடத்துல படிக்க வச்சு, தொழில் கத்துக்கொடுத்து, அண்ணன் வச்சிருந்த எழுத்தெல்லாம் தேய்ஞ்சுபோச்சுன்னு புது எழுத்து வாங்கிக் கொடுத்து அனுப்பினது. புது எழுத்துன்னா என்ன விலைன்னு அச்சகம் வச்சவங்களுக்குத் தெரியும்.

பிழை: வெர்னன்னு ஒருத்தர் வசூல் பண்ணி வைக்கச் சொன்ன பணத்தை, சுமார் முப்பத்தஞ்சு பவுண்டு, எடுத்துச் செலவழிச்சது. திருத்தம்: வட்டியோட கட்டினது.

பிழை: லண்டன் போனவர், கட்டிக்கிறேன்னு சொல்லிட்டுப் போன டெபராவுக்கு ஒரே ஒரு கடிதம் போட்டது. திருத்தம்: 1730-ல அவங்களையே கட்டிக்கிட்டது. பிழை: பத்தொன்பது வயசுல மதத்தைப் பத்தி வீம்பா ஒரு சிறு புஸ்தகம், நூறு பிரதி. திருத்தம்: நண்பர்களுக்குக் கொடுத்த சிலது போக, ஒண்ணை வச்சுக்கிட்டு மிச்சத்தை எரிச்சது. அஞ்சாவது ஒண்ணு இருக்கு, நண்பனோட காதலிகிட்ட முறைகேடா நடக்கப் பார்த்தது. நூலகத்துல அதை எப்படிச் சொல்றதுன்னு உங்க சாமர்த்தியம்.


நதிக்கரைத்தமிழ்:

ஈயக்கை ஐயா எழுதியதைப் படித்து முடித்துவிட்டு என் கணவரைக் கூப்பிட்டு ஒருமுறை உரக்கப் படித்தேன். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஊரிலிருந்து யார் வந்தாலும் பிலடெல்பியா கூட்டிப் போவது என் வேலை. அதனால் கல்லறையைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் தெருவும் ஆர்ச் தெருவும் சந்திக்கும் மூலையில் செங்கல் சுவர், அதில் ஓரிடத்தில் மட்டும் இரும்புக் கம்பி. உள்ளே போகாமலே நடைபாதையிலிருந்து பார்க்கலாம். தரையோடு கிடக்கும் வெறும் பலகைக் கல். மேலே எப்போதும் ஒரு சென்ட் காசுகள் சிதறிக் கிடக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கம்பி வழியாக எறிவார்கள். கல்லில் இருப்பது "பெஞ்சமின் மற்றும் டெபரா பிராங்க்ளின், 1790". அவ்வளவுதான், உயிலில் அப்படித்தான் கேட்டிருந்தாராம்.

ஆனால் இருபத்திரண்டு வயதில் அவர் தனக்கே ஒரு கல்லறை வாசகம் எழுதிவைத்திருந்தார். கரிசல்காற்று அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அச்சடிப்பவன் பிராங்க்ளினின் உடல், உள்ளே இருந்ததெல்லாம் கிழிக்கப்பட்டு, எழுத்தும் தங்கப்பூச்சும் போன பழைய புத்தகத்தின் அட்டையைப் போல இங்கே புழுக்களுக்கு உணவாகக் கிடக்கிறது; ஆனாலும் வேலை வீணாகாது, ஆசிரியரே திருத்திச் செப்பனிட்ட புதிய, இன்னும் நேர்த்தியான பதிப்பாக மீண்டும் வரும் என்று போகிறது. ஐயா சொன்ன இரண்டாம் பதிப்பு அப்போதே அவர் மனதில் இருந்திருக்கிறது.

எனக்கு மனத்தாங்கல் டெபரா விஷயத்தில். துண்டுப்பிரசுரங்களை மடித்துத் தைத்தது, கடையில் நின்றது, காகிதம் செய்பவர்களுக்காகப் பழைய லினன் துணி வாங்கிச் சேர்த்தது எல்லாம் டெபரா. அந்தக் காலத்தில் துணிக் கந்தலில்தான் காகிதம். இவர் 1757-இல் லண்டன் போனார், 1762-இல் வந்தார், 1764-இல் மறுபடி போனார். அந்த அம்மாவுக்குக் கடல் என்றால் பயம், போகவே இல்லை. 1765-இல், அச்சடித்த தாள்கள் மேல் பிரிட்டன் போட்ட முத்திரை வரிச் சண்டையில், வரிக்கு இவரும் உடந்தை என்று ஊரே கொதித்து வீட்டை இடிக்கக் கூட்டம் கிளம்பியபோது, துப்பாக்கி சகிதம் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று நின்றது யார்? இவர் அப்போது லண்டனில். 1774 டிசம்பரில் டெபரா இறந்தபோதும் லண்டனில். 1775 மே மாதம்தான் வந்து இறங்குகிறார்.

ஒரே ஒரு கடிதம் எழுதியதைப் பிழை என்று பட்டியலில் போட்டாரே, இந்தப் பத்து வருடத்தை எந்தப் பக்கத்தில் எந்த வரியில் போட்டார்?


கூர்முனை:

பாராட்டுவிழா நன்றாகப் போகிறது. குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

இவர் 1729-இல் வாங்கி நடத்திய பென்சில்வேனியா கெஜட் பத்திரிகையில், அடிமைகள் விற்பனைக்கு என்ற விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. ஓடிப்போன அடிமையையும், ஓடிப்போன பயிற்சிப் பையனையும் பிடித்துக் கொடுத்தால் சன்மானம் என்ற விளம்பரமும் வந்தது. யோசித்துப் பாருங்கள், பாஸ்டனிலிருந்து ஓடிவந்த பயிற்சிப் பையன் காசு வாங்கிக்கொண்டு இதை அச்சடிக்கிறார். வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். 1757-இல் லண்டன் போனபோது பீட்டர், கிங் என்று இருவரைக் கூட்டிப் போனார். கிங் அங்கே ஓடிவிட்டார். நல்லது.

இதெல்லாம் பிழைதிருத்தப் பட்டியலில் இருக்கிறதா?


ஈயக்கை:

இல்லை. அம்மா கேட்டதும் இல்லை, கூர்முனை கேட்டதும் இல்லை. பிழைதிருத்தப் பக்கத்தைத் தயார் பண்றது புஸ்தகம் எழுதினவரே. அவர் கண்ணுக்குப் பட்டதுதான் அதுல வரும். படாதது உள்ளேயே கிடக்கும், வாங்கினவன் படிச்சுக் கண்டுபிடிக்கணும்.

ஓடின பையன் விஷயத்தை நான் இப்படிச் சேர்த்து யோசிக்கலை. கம்பாசிட்டருக்கு அந்த வியாதி உண்டு. மேட்டர்ல என்ன இருக்குன்னு மண்டையில ஏறாது, எழுத்து சரியா இருக்கான்னுதான் பார்ப்போம். எத்தனையோ கந்துவட்டிக் கம்பெனி நோட்டீஸ் என் கையால கோர்த்திருக்கேன். இது சமாதானம் இல்லை, நடந்தது.

ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். அடிமை வியாபாரத்தை எதிர்த்து பெஞ்சமின் லேனு ஒரு குவேக்கர் 1737-ல எழுதின காட்டமான புஸ்தகத்தை அச்சடிச்சது பிராங்க்ளின்தான். ஆனா புஸ்தகத்துல அச்சடிச்சவர் பேர் இல்லை. நம்ம ஊர்ல 1867-லயே சட்டம் வந்துச்சு, அச்சகத்தோட பேரும் ஊரும் போடாம எதையும் வெளியே விடக்கூடாதுன்னு. தேர்தல் நோட்டீஸ் அடிக்கிறப்ப எங்க முதலாளி முதல்ல பார்க்கிறது அந்தக் கடைசி வரியைத்தான். பேர் போடாம ஒருத்தர் அடிச்சிருக்கார்னா எனக்கு ரெண்டும் தெரியுது. காசுக்கு வேலையை வாங்கிட்டார். பேரைக் கொடுக்கப் பயந்திருக்கார்.

பேரைக் கொடுத்தது ரொம்பக் கடைசியில. 1787-ல அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவர் ஆனார். 1790 பிப்ரவரியில காங்கிரஸுக்குப் போன மனுவுல கையெழுத்துப் போட்டது இவர். அதை எதிர்த்து ஜார்ஜியாவிலிருந்து வந்த உறுப்பினர் ஒருத்தர் பேச, மார்ச்சுல அந்தப் பேச்சையே கேலி பண்ணி ஒரு கட்டுரை. அல்ஜீரியாவுல கிறிஸ்தவங்களை அடிமையா வச்சிருக்கிற ஒருத்தர் அதே வாதத்தை வச்சுப் பேசுற மாதிரி, புனைபெயர்ல. பதினாறு வயசுல அண்ணனோட பத்திரிகைக்கு, ராத்திரி கதவுக்கடியில செருகிட்டு ஓடினதும் ஒரு விதவை பேர்ல எழுதின கடிதங்கள்தான், பதினாலு. ஆரம்பிச்ச மாதிரியே முடிச்சார். ஏப்ரல் 17-ஆம் தேதி போயிட்டார், எண்பத்திநாலு வயசு. அப்படிப் பார்த்தா திருத்தம் ஒட்டினது புஸ்தகம் பைண்டிங்குக்குப் போன பிறகு. விளம்பரத்துல வித்துப்போன ஆளுங்களுக்கு அதனால என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை.

தம்பி, அந்தத் தாள்ல கீழே மூணு வரி இடப்பக்கம் மட்டும் நிரப்பி, வலப்பக்கத்தை வெறுமையா விடுங்க. ஒண்ணு அம்மா கேட்டது. ஒண்ணு கூர்முனை கேட்டது. மூணாவது அவர் மகன் வில்லியம்.

சுயசரிதையோட முதல் வார்த்தையே 'அன்பு மகனே'. 1771-ல இங்கிலாந்துல ஒரு நண்பர் வீட்டுல உட்கார்ந்து எழுதினது, அந்த மகனுக்கு. பட்டம் விட்டப்ப கூட இருந்தது அந்த மகன்தான். அப்புறம் போர் வந்துச்சு. வில்லியம் நியூ ஜெர்சிக்கு ராஜா நியமிச்ச கவர்னர், ராஜா பக்கமே நின்னுட்டார், ஜெயிலுக்கும் போனார். 1784-ல பாரிஸ் பக்கத்துல ரெண்டாம் பகுதியை எழுத உட்காரும்போது மகனே இல்லை, ஊருக்குப் பொதுவா எழுதுறார். உயில்ல மகனுக்குப் பெரிசா ஒண்ணும் கிடையாது, போர்ல அவன் எனக்கு எதிரா நடந்துக்கிட்டது ஊரறிஞ்சதுன்னு காரணத்தையும் எழுதி வச்சிட்டார். அண்ணன் மகனுக்குப் புது எழுத்து. சொந்த மகனுக்கு இது.


கரிசல்காற்று:

எல்லோருக்கும் நன்றி. ஒருநாள் முழுக்க இதையே படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளையே பேச்சாக வைத்துக்கொள்கிறேன். ஐந்து வரி நிரம்பியது, மூன்று வரி பாதி. கூர்முனை சொன்ன வரியை வாசிக்கும்போது விளம்பரம், ஓடிவந்த பையன் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

ஈயக்கை ஐயா, இன்னும் ஒரு சந்தேகம். தொழிலை விட்ட பிறகு அவர் மறுபடி எழுத்தைத் தொட்டாரா? 1748-இல் கூட்டாளி டேவிட் ஹால் கையில் கொடுத்துவிட்டதாகத்தான் படித்தேன்.


ஈயக்கை:

தொட்டார். அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, எழுத மறந்துட்டேன். பிரான்சுல தூதரா இருந்த எட்டரை வருஷமும் பாரிஸை ஒட்டி பாஸின்னு ஒரு ஊர்ல வீடு. அங்க சொந்தமா ஒரு அச்சகம் போட்டுக்கிட்டார், எழுத்து வார்க்கிறதுக்கும் ஏற்பாடு. அமெரிக்கக் கடவுச்சீட்டு, அரசாங்கப் படிவம் எல்லாம் அங்கேயே அடிச்சார். கூடவே நண்பர்களைச் சிரிக்க வைக்க நாலஞ்சு பக்கத்துல சின்னச் சின்ன எழுத்து, அதுவும் சில பிரதிதான். எழுபது வயசு தாண்டி, கீல்வாதம், கல்லடைப்பு. கூட இருந்த மகள் வயித்துப் பேரனுக்கும் அச்சுத்தொழில்தான் கத்துக்கொடுத்தார். நாட்டுக்கே தூதர், அந்தப் பேரனை மந்திரியாக்கப் பார்க்கலை. உயில்ல அச்சடிப்பவன்னு முதல்ல போட்டதுக்கு வேற விளக்கம் வேணுமா?

அப்புறம், 100 டாலர் நோட்டுன்னு யாராவது ஆரம்பிச்சா இதைச் சொல்லுங்க. நோட்டுல மூஞ்சி போட்ட ஆளே நோட்டு அடிச்சவர். பென்சில்வேனியாவுக்குப் பணம் அச்சடிக்கும்போது, கள்ளநோட்டுக்காரன் கையால செதுக்க முடியாத மாதிரி, நிஜ இலையை வச்சு அச்சு வார்த்து நோட்டோட பின்பக்கம் போட்டார். இலை நரம்பை யாரு செதுக்குறது?

நீங்க இருக்கிறது நம்ம பக்கம்தான்னு நினைக்கிறேன். எடைக்குப் போட்ட அன்னிக்கு நான் ஒரு ஸ்டிக்கை மட்டும் வேட்டி மடிப்புல வச்சு எடுத்துட்டு வந்துட்டேன். கொஞ்சம் பன்னெண்டு பாயிண்ட் எழுத்தும் இருக்கு, 'ண' அதிகம், 'ன' கம்மி. தனிமடல்ல எழுதுங்க, பஸ்ஸுல கொடுத்துவிடுறேன். 'பிழை திருத்தம்'னு கோர்த்து வச்சுத் தர்றேன், எழுத்து கண்ணாடியில பார்க்கிற மாதிரி வலமிடமாத் தெரியும், பிள்ளைங்க யாராவது இருந்தா வாசிக்கச் சொல்லிப் பாருங்க. தூக்கிக் காட்டும்போது சாய்ச்சுடாதீங்க, கொட்டிடும். கூட்டம் முடிஞ்சதும் திருப்பி அனுப்பிடணும்.